கோட்டில் இல்லாத ஊர்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் நடுவே எவ்வளவு தூரம், பறந்து போக எவ்வளவு நேரம் என்று சொல்லும் பக்கம் ஒன்று அவன் கைபேசியில் எந்நேரமும் திறந்தே கிடந்தது. மேல் கட்டத்தில் அவன் வீடு இருக்கும் ஊர். கீழ்க் கட்டத்தில் அவன் மச்சான் குடியேறிய ஊர். உலகத்தின் அந்தக் கோடி. தட்டினால் வரைபடத்தில் ஒரு கோடு வில்லாக வளைந்து எழும். தூரம் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேரம் பதினாறு மணி. கோடு மலைகளைத் தாண்டும், உறைந்த கடலைத் தாண்டும், பெயர் தெரியாத தீவுகளின் தலைமேல் போகும். அவன் பிழைக்க வந்த இந்த ஊர்ப் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்காது.

எட்டுப் பேர் படுக்கும் அறையில், மேல்தட்டுக் கட்டிலில், காயாத காலுறைகளின் வாசனைக்கு நடுவே படுத்துக்கொண்டு அந்தக் கோட்டை அவன் விரலால் தடவிப் பார்ப்பான். அதில் நேராகப் போகும் விமானம் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அவன் மனைவி அதில் டிக்கெட் எடுக்கவில்லை. மடியில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, கூடுதலாக அரை நாள் அலைந்து, இந்த ஊரில் இறங்கி விமானம் மாறிப் போகும்படி எடுத்திருந்தாள். கோட்டைக் கையால் பிடித்து வளைத்தது போல.

“நாலு வருஷமா வர்றேன் வர்றேன்னு சொன்னீங்க. இப்ப நானே வர்றேன்” என்றாள் தொலைபேசியில். “மூணு மணி நேரம் அங்க இருப்பேன். நீங்க ஒரு கட்டடத்தைத் தாண்டி வந்தா போதும்.”

“வந்துடுவேன். அப்படியெல்லாம் பேசாத.”

“வந்தா பேசுவோம். வரலைன்னா அதையே பதிலா எடுத்துக்கிறேன். அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு எனக்கு ஃபோன் பண்ண வேண்டாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. துவைத்த துணியை மடித்து வைப்பது போல, ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சொன்னாள். கத்தியிருந்தால் அவனுக்கு மூச்சு வந்திருக்கும்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. முதல் தடவை விடுப்புக் கேட்டபோது கம்பெனி விடவில்லை. இரண்டாம் தடவை விட்டது. ஆனால் ஒப்பந்தத்தை நீட்டித்தால் மேற்பார்வையாளர் ஆக்குகிறோம் என்று சொன்னார்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டான். மேற்பார்வையாளரின் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்தான். அவன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மனைவியின் வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத் திரையில்தான் பார்த்தான்.

விமான நிலையத்தில் அவனுக்குச் சக்கர நாற்காலி தள்ளும் வேலை. முடியாதவர்களை விமானத்தின் கதவிலிருந்து கூட்டிவந்து, அவர்கள் போக வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். குலுங்காமல், யார் முழங்காலும் இடிபடாமல் பைய நகர்த்துவதால் கூட இருப்பவர்கள் அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்ப்பவனுக்குக் கட்டடத்தைத் தாண்டுவது பெரிய விஷயமா என்றால், அங்கேதான் சிக்கல். இன்ன கதவுக்குப் போ, இன்னாரைக் கூட்டிவா என்று ஒவ்வொரு வேலையும் கையடக்கக் கருவியில் வரும். அந்த வேலை இருந்தால்தான் வழியிலுள்ள கதவுகள் அவன் அட்டைக்குத் திறக்கும். வேலை இல்லாமல் உள்ளே சுற்றினால் அட்டை போகும். அட்டை போனால் வேலை போகும். வேலை போனால் அடுத்த விமானத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வழி சொன்னவன் அவன் கீழ்க்கட்டில்காரன். வாய் மூடாததால் ரேடியோ என்று பெயர்.

“டேய் ஆமை, உன் வீட்டம்மாவுக்கு ஒரு வீல்சேர் போட்டுடு. அந்த வேலை உனக்கு வந்தா கதவு தானா திறக்கும். மூணு மணி நேரமும் தள்ளிக்கிட்டே குடும்பம் நடத்து.”

“அவளுக்குக் கால் நல்லாத்தானடா இருக்கு.”

“நாம தள்றவங்கள்ல பாதிப் பேருக்கு நல்லாத்தான் இருக்கு.”

அது உண்மை. ஏறும் ஊரில் நாற்காலியில் துவண்டு கிடப்பவர்கள், இறங்கும் ஊரில் வரிசைகளையெல்லாம் தாண்டிப் பெட்டி வரும் இடத்துக்கு வந்ததும் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார்கள். தள்ளுகிறவர்கள் அதற்கு ‘அற்புதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னைக்கு எத்தனை அற்புதம்டா என்றுதான் சாப்பாட்டு வேளையில் பேச்சே ஆரம்பிக்கும்.

மனைவியிடம் சொன்னதும் அவள் வெடித்தாள். “காலு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. என்னைப் போய் நாற்காலியில உக்காரச் சொல்றீங்களா?”

“உக்காரு. நான் தள்ளுறேன்.”

“நீங்க போன நாள்லேர்ந்து குடும்பத்தைத் தள்ளிக்கிட்டு இருக்கிறது நானு. ஒரு நாளாவது நீங்க தள்ளுங்க, பார்ப்போம்” என்றாள். அன்று சாயங்காலமே டிக்கெட்டில் சக்கர நாற்காலி ஏறிவிட்டது.

இனி, வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் டெஸ்க் அக்காவைப் பிடிக்க வேண்டும். எட்டுத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கட்டடம் முழுக்க ஊரும் நாற்காலிகளைப் புள்ளிகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்மணி அவள்.

“அக்கா, வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஃப்ளைட்டுல ஒரு சேர் வருது. எனக்குப் போடுங்களேன்.”

“ஏன், வர்றது மகாராணியா?”

“தெரிஞ்சவங்க.”

“தெரிஞ்சவங்கன்னா காது ஏன்டா சிவக்குது?” அவள் ஏதோ தட்டினாள். “போட்டாச்சு, போ. உன் வேகத்துல போய் என் பேரைக் கெடுத்துடாத.”

மனைவி என்று சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர் வேலையைத் தரமாட்டார்கள் என்று ஒரு பயம். அந்த ஒரு சொல்லை விழுங்கியதற்கு என்ன விலை என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

மூன்று மணி நேரத்தையும் அவன் மனதுக்குள் வீடு போலக் கட்டி வைத்திருந்தான். குழந்தைகள் விளையாடும் மூலைக்குப் பின்னால், மூடிப் போன பழச்சாறுக் கடையை ஒட்டி நான்கு இருக்கைகள் உண்டு. அங்கே யாரும் வரமாட்டார்கள். முதல் மணி நேரம் அவள் திட்டட்டும். இரண்டாவது மணி நேரம் பிள்ளையோடு. மூன்றாவதில், எனக்கு இன்னும் ஒரு வருஷம் கொடு என்று கேட்டுவிடலாம். கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடக் கண்ணாடியில் பார்த்தான்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு முறை சவரம் செய்தான். கூடத்தின் பெரிய பலகையில் அவள் விமானத்துக்கு எதிரே சிவப்பு எழுத்து வந்திருந்தது. தாமதம். கைபேசியில் ஒரு செய்தி: “ஏறிட்டோம். இன்னும் கிளம்பல. இருப்பீங்களா?”

“இருப்பேன்” என்று அனுப்பினான்.

அதற்குப் பிறகு அந்தப் பலகை அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வந்து சேரும் நேரம் தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. வழியில் எதிர்காற்றாம். அவளுடைய அடுத்த விமானமோ குறித்த நேரத்தில் ஆணி அடித்தது போல நின்றது. அவன் கட்டிய வீட்டின் மூன்றாவது அறை இடிந்தது, பிறகு இரண்டாவது. தூரம் சொல்லும் பக்கத்தைத் திறந்து, வீட்டிலிருந்து இந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று தட்டிப் பார்த்தான். அது பழைய கணக்கையே கூசாமல் சொன்னது. அதற்குக் காற்று தெரியாது. ஓடுபாதையில் காத்திருப்பது தெரியாது.

எதிரே காலி நாற்காலியோடு வந்த ரேடியோ நின்றான். “என்னடா, மூஞ்சி செத்துப் போயிருக்கு?”

“முழுசா ஒரு மணி நேரம் கூட இல்லடா.”

“அது போதும்டா. சண்டைக்குப் பாதி, சமாதானத்துக்குப் பாதி. உனக்கெல்லாம் மூணு மணி நேரம் கொடுத்தா தூங்கிடுவ.” சிரிக்க வைக்கப் பார்த்தான். ஆமையின் உதடு அசையவில்லை. ரேடியோ தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

இடையில் வேறு வேலை வந்துவிட்டால் எல்லாம் கெடும் என்று ஆமை கருவியின் சத்தத்தை அணைத்து, நாற்காலியின் முதுகிலுள்ள பைக்குள் திணித்தான். விமானத்தின் கதவோடு ஒட்டிக்கொள்ளும் நகரும் பாலத்தின் முனையில், எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். வரிவரியான ரப்பர்த் தரை. சூடான எண்ணெய் வாசனை. விமானம் வந்து நின்றபோது பாலம் மெல்ல அதிர்ந்தது. அவன் நெஞ்சும் கூடவே.

கதவு திறந்தது. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்கள், குழந்தைக்காரிகள், கடைசியாகக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு சாவகாசமாக வந்தவர்கள். நாற்காலிப் பயணிகள் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் வருவார்கள், அதனால் காத்திருந்தான். கூட்டம் வடிந்தது. நீலப் பைகளோடு துப்புரவு ஆட்கள் உள்ளே போனார்கள்.

வாசலில் நின்ற பணிப்பெண்ணிடம், “வீல்சேர்?” என்றான்.

“அவங்க போயாச்சே. அடுத்த ஃப்ளைட்டுக்கு நேரம் இல்லைன்னு அந்தப் பக்கக் கதவுக்கு லிஃப்ட் வண்டி வந்துச்சு. ஒரு அம்மாவும் குட்டிப் பொண்ணும்தானே? தரை வழியாவே கொண்டு போயிட்டாங்க.”

“ஏதாவது கேட்டாங்களா?”

“சேர் தள்ற ஆள் வரலையான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. வர மாட்டாங்கம்மான்னு சொன்னேன்.”

பைக்குள்ளிருந்து கருவியை எடுத்தான். அவன் வேலை எப்போதோ ரத்தாகியிருந்தது. அதன் கீழே டெஸ்க் அக்காவின் செய்தி: “உன் தெரிஞ்சவங்களை லிஃப்ட்ல அனுப்புறேன். கவலைப்படாத, ஃப்ளைட்டை விட மாட்டாங்க.” அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறாள்.

நேரம் குறைவாக இருக்கும் நாற்காலிப் பயணியைக் கட்டடத்துக்குள் கொண்டுவராமல், உயர்ந்து இறங்கும் அந்த வண்டியில் ஏற்றி, ஒரு விமானத்திலிருந்து நேரே இன்னொரு விமானத்துக்குக் கொண்டுபோவார்கள். நான்கு வருடமாக அவன் தினமும் பார்க்கும் வழக்கம். ஆனால் அவள் ஒரு பயணி என்பதே அவன் மனதில் ஏறியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு நடப்பது அவளுக்கும் நடக்கும் என்று தோன்றவே இல்லை. சும்மா விட்டிருந்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தன் இரண்டு காலால் இந்தப் பாலத்தில் நடந்து வந்து அவன் மேலேயே மோதியிருப்பாள். அவளைச் சேர்வதற்காக அவன் போட்ட நாற்காலிதான் அவளை அவன் கண்ணில் படாமல் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

இந்த ஊரில் அவள் கைபேசி வேலை செய்யாது. அவன் ஓடினான். அடுத்த விமானம் கட்டடத்தின் மறுகோடியில் நின்றது. காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஓடினான். தனியாக ஓடுகிறவனைத் தடுப்பார்கள், நாற்காலியோடு ஓடுகிறவனுக்கு எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். கடைகள், காற்று இறங்கிய பொம்மைகள் போலத் தூங்கும் பயணிகள், நகரும் நடைபாதைகள் எல்லாம் பின்னால் போயின. ஒரு கிழவர் கைத்தடியை நீட்டி மறித்தார்.

“தம்பி, என்னைக் கொஞ்சம் அந்த முனை வரைக்கும்…”

நான்கு வருடத்தில் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை அவன். “மன்னிச்சுக்குங்கய்யா” என்றான். அவர் முகத்தைப் பார்க்காமல் ஓடினான்.

கருவி அதிர்ந்தது. டெஸ்க் அக்கா. “எங்கடா ஓடுற? உன் புள்ளி தப்பான பக்கம் போகுது.”

“அக்கா, அவ என் பொண்டாட்டி.”

“முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா லிஃப்ட்ல போட்டிருப்பேனாடா, பாவி?”

“அந்தக் கேட்டுக்கு ஒரு வேலை போடுங்கக்கா. ஒரே ஒரு வேலை.”

“அவங்க ஏறியாச்சுடா. இனிமே அங்க வேலையே இல்ல. இல்லாத வேலையைப் போட்டா என் தலையும் சேர்ந்து உருளும்.” குரல் தழுதழுத்தது. “திரும்பி வந்துடு. நாளைக்கு ஃபோன்ல பேசிக்கலாம்.”

“நாளைக்கு அவ எடுக்க மாட்டாக்கா” என்று சொல்லிவிட்டு அணைத்தான்.

கேட்டில் கூட்டம் இல்லை. கயிறு கட்டியாகிவிட்டது. டை கட்டிய இளைஞன் ஒருவன் காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். ஆமையின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தான்.

“யாருக்கு?”

“உள்ள ஒருத்தரை இறக்கணும்.”

பொய் அவ்வளவு லேசாக வந்தது அவனுக்கே திகைப்பாக இருந்தது. ஏறிய பயணியை இறக்குவதென்றால் பெட்டியை இறக்க வேண்டும், விமானம் நிற்க வேண்டும். விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லாத வார்த்தை. இளைஞன் பதறிக் கயிற்றை அவிழ்த்தான். “எனக்குத் தகவலே வரலையே” என்று முணுமுணுத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தான். அவன் பேசி முடிக்கும்வரைதான் நேரம்.

பாலத்தின் கடைசியில் கதவு இன்னும் திறந்திருந்தது. மூத்த பணிப்பெண் ஒருத்தி கையை அதன் மேல் வைத்து நின்றாள். “யாரை இறக்கணும்?”

இங்கே பொய் வரவில்லை. “யாரையும் இறக்க வேண்டாம்மா. லிஃப்ட்ல ஒரு அம்மா ஏறினாங்களே, பொண்ணோட. நான் அவ புருஷன். நான் வந்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடுங்க. அது போதும். நான் போயிடுறேன்.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வியர்வையில் நனைந்த சட்டையை, காலி நாற்காலியை. உள்ளே திரும்பி யாரையோ சைகையால் அனுப்பினாள்.

பிறகு இருக்கைகளுக்கு நடுவிலிருந்து அவன் மனைவி வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பைகளையும் முழங்கால்களையும் தாண்டி, வேகமாக நடந்து வந்தாள். வழியில் நின்ற ஒரு பையன் திகைத்து, “மேடம், உங்களால நடக்க முடியாதுன்னு…” என்றான்.

“இப்ப முடியுது” என்றாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். பிள்ளைதான் முதலில் அசைந்தது. இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, அவனைத் தாண்டி நாற்காலியிடம் ஓடி, தொற்றி ஏறி உட்கார்ந்தது.

“மாமா, தள்ளுங்க.”

“மாமா இல்லடி. அப்பா.”

பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தது. “அப்பா ஃபோன்ல இருப்பாரு” என்றது.

அவன் தள்ளினான். பாலம் வளையும் இடம் வரைக்கும் போய், திரும்பி, மறுபடி கதவு வரைக்கும். அத்தனை ஓட்டம் ஓடி வந்தவன், வாழ்நாளில் தள்ளியதிலேயே மெதுவாகத் தள்ளினான். பிள்ளையின் உச்சந்தலையில் இரண்டு சுழி இருந்தது. திரையில் அது தெரிந்ததே இல்லை.

“லிஃப்ட்ல வர்றப்ப சன்னல் வழியா பார்த்துக்கிட்டே வந்தேன்” என்றாள் அவள். “முடிவே பண்ணிட்டேன், வரலைன்னு.”

“சேர் போடச் சொன்னதே தப்பாப் போச்சு.”

“எப்படி உள்ள விட்டாங்க?”

“பொய் சொன்னேன்.”

“அப்ப வேலை?”

“போச்சு.”

“போனா?”

“ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து முகம் கோணியது. “நாலு வருஷமா அதைத்தானேய்யா கேட்டேன்.”

பாலத்தின் அந்த முனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. டை கட்டிய இளைஞனும் காவலர் இருவரும். மூத்த பணிப்பெண் தணிந்த குரலில், “உள்ள வாங்கம்மா. இனிமே என்னால முடியாது” என்றாள்.

“இறங்கிடட்டுமா?” என்று அவனிடம் கேட்டாள் மனைவி. உண்மையாகத்தான் கேட்டாள்.

இறங்கு என்று சொல்ல அவன் வாய் திறந்தது. இறங்கி எங்கே போவாள்? இந்த ஊரின் எந்தக் கதவும் அவளுக்குத் திறக்காது; அவனுக்கே இனித் திறக்காது. எட்டுப் பேர் படுக்கும் அறையும் அவனுக்கு இன்றோடு முடிந்தது. “போ” என்றான். “மச்சான் காத்துக்கிட்டு இருப்பாரு.”

காவலர் ஒருவன் அவன் புஜத்தைப் பிடித்தான். அவள் பிள்ளையை நாற்காலியிலிருந்து பிய்த்துத் தூக்கினாள். அது காலை உதைத்து அழுதது, நாற்காலிக்காக.

“சாவி எதிர்வீட்டு டீச்சர்கிட்ட இருக்கு” என்று அழுகைக்கு மேலாகக் கத்தினாள். “பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகிப் போச்சு, தூக்கித் திறக்கணும். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுங்க.”

கதவு மூடிக்கொண்டது. வெளியே இருந்து பார்த்தால் அங்கே ஒரு கதவு இருந்த அடையாளமே இல்லை. வழவழவென்ற வெள்ளைச் சுவர்.

அட்டையை வாங்கிக்கொண்டு, சன்னல் இல்லாத ஓர் அறையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கைபேசியை மட்டும் விட்டுவைத்தார்கள். டெஸ்க் அக்கா வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்தாள். “பார்த்துட்டியா?” என்றாள். தலையாட்டினான். “அப்படின்னா சரி” என்று சொல்லிவிட்டு, ஒன்றும் சரியில்லை என்பது தெரிந்தவள் போல உடனே எழுந்து போனாள்.

அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். அதே இரண்டு ஊர். அதே வளைந்த கோடு. இத்தனை நாள் தன்னைத் தொடாமல் போகிறதே என்று தடவிக்கொண்டிருந்த கோட்டின் ஒரு முனையில், இன்னும் சில நாளில் அவன் போய் நிற்பான். எதிர்வீட்டில் சாவி வாங்கி, தாழ்ப்பாளைத் தூக்கித் திறந்து, அவர்கள் இல்லாத வீட்டுக்குள் நுழைவான். மறுமுனையில் அவர்கள் இருப்பார்கள். நடுவில் மலையும் உறைந்த கடலும் தீவுகளும்.

எவ்வளவு நேரம் என்று தட்டினான். பதினாறு மணி என்றது பக்கம். எதிர்காற்று இல்லாமல், காத்திருப்பு இல்லாமல், வழியில் ஒரு கதவுகூட இல்லாமல், பதினாறு மணி நேரம்.